25 அடி பாய்மரப் படகுக்கு எந்த டிங்கி சரி? காற்றடைப்பதா, ஃபைபரா?

நீலத்திரை:
வணக்கம். எங்களுடையது 25 அடி பாய்மரப் படகு. நான், மனைவி, எட்டு வயது மகள், மூன்று பேர்தான் போவோம். கரையிலிருந்து 200, 300 மீட்டர் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு டிங்கி என்கிற சின்னத் துணைப்படகில் கரைக்குப் போவது வழக்கம். இப்போது கையில் இருப்பது இரவல் டிங்கி, 2.3 மீட்டர், காற்றடைப்பது, தரையில் குறுக்குச் சட்டங்கள் வைத்து அப்படியே சுருட்டிக் கட்டுகிற ரகம். அதில் தொல்லை ஒன்றிரண்டு இல்லை. காலை வைத்தால் தரை தொய்ந்து குழாய்கள் உள்ளே மடங்குகின்றன. எதிர்க்காற்றில் துடுப்பு போட்டால் மூச்சு வாங்குகிறதே தவிர டிங்கி நகர்வதில்லை. படகின் பின்னால் கட்டி இழுத்தால் இப்படியும் அப்படியும் அலைந்து கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறது, படகின் வேகமும் குறைகிறது.

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். பாய்மரத்துக்கு முன்னால் மேல்தளத்தில் 2.2 மீட்டர் நீளத்துக்கு இடம் உண்டு, ஆனால் முன்பக்க ஹாட்ச், அதாவது முன்னறைக்கு மேலே இருக்கும் திறப்பு, அதன் நடுவில்தான் வருகிறது. பின்பக்க லாக்கரின் வாய் 90 செ.மீ.க்கு 50 செ.மீ. எதை வாங்குவது? மோட்டார் கட்டாயம் வேண்டுமா?

உப்புக்காற்று:
டிங்கியைப் பற்றி யோசிக்கும் முன் அது பயணத்தின்போது எங்கே இருக்கப்போகிறது என்பதை முடிவு பண்ணுங்கள். சின்னப் படகில் மற்ற எல்லாமே அதற்கு அப்புறம்தான். நீங்கள் இடத்தை அளந்தே எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்தது. ஹாட்ச்சை மூடுகிற மாதிரி டிங்கியைக் கவிழ்த்துக் கட்டினால் முன்னறையில் காற்று வராது என்பதோடு, உள்ளே தீப்பிடித்தால் வெளியேற இருக்கிற இரண்டாவது வழியும் அடைபட்டுவிடும். குழந்தை அங்கேதான் தூங்கும் என்றால் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். அதனால் காற்றை இறக்கி லாக்கரில் வைக்கிற டிங்கிதான் உங்களுக்கு ஒத்துவரும். விளம்பரத்தில் போட்டிருக்கும் மடித்த அளவை அப்படியே நம்பாதீர்கள், முதல் தடவை தொழிற்சாலையில் மடித்த மாதிரி நம்மால் மடிக்க முடியாது, நீளத்திலும் தடிமனிலும் கொஞ்சம் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

இப்போதைய டிங்கியின் தரை தொய்வதற்குக் காரணம், சட்டங்கள் குறுக்கே மட்டும் இருப்பது. நீளவாக்கில் தாங்க எதுவும் கிடையாது, குழாயின் விறைப்புதான் முழுத் தாங்கல். அதனால் காற்றழுத்தத்தையும் ஒரு முறை பாருங்கள். இந்த ரகக் குழாய்களுக்கு சுமார் 0.25 பார் அழுத்தம் சொல்வார்கள். சூடான மேல்தளத்தில் 40 டிகிரியில் சரியாக 0.25 அடித்துவிட்டு 25 டிகிரி தண்ணீரில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி 0.19 பக்கம் வந்துவிடும். கால்வாசி விறைப்பு ஓட்டை எதுவும் இல்லாமலே போயிற்று. தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பம்பை வைத்து நிரப்புங்கள். வெயிலில் இழுத்துப் போடும்போது இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும், அப்போது கொஞ்சம் காற்றை விட்டுவிட வேண்டும்.

வாங்கும்போது காற்றுத்தரை உள்ளதாகப் பாருங்கள். அதன் மேல் துணியையும் கீழ்த் துணியையும் நெருக்கமான நூல்கள் உள்ளேயே பிணைத்திருக்கும், அதனால் 0.7 பார் வரை அடித்தாலும் உப்பாமல் பலகை மாதிரி தட்டையாக நிற்கும். அடியில் முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஓடும் காற்றுக் கீலும் இருந்தால் துடுப்பு போடும்போது மூக்கு நேராகப் போகும். 2.4 மீட்டரில் இது 25, 30 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

கைத்துடுப்பு:
நான் வேறு மாதிரி சொல்வேன். 200, 300 மீட்டர் தூரத்துக்கு நல்ல ஃபைபர் டிங்கியும் நல்ல துடுப்பும் இருந்தால் மோட்டார் என்ற பேச்சே வராது. காற்று டிங்கி எடை குறைவு, காற்றுப் பிடிக்கும் பரப்பு அதிகம், ஒரு இழுப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நின்றேவிடும். ஃபைபர் டிங்கி அந்த இடைவெளியில் வழுக்கிக்கொண்டு போகும். கல் கரையில் இழுத்துப் போட்டாலும் கீறலோடு போய்விடும், கிழியாது.

துடுப்பின் நீளத்தில் யாரும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். துடுப்புக் கொண்டிகளுக்கு நடுவே 1.2 மீட்டர் அகலம் இருந்தால் 2.3 மீட்டர் துடுப்பாவது வேண்டும். டிங்கிக்குள் அடங்க வேண்டும் என்று 1.5 மீட்டர் துடுப்பைக் கொடுத்துவிடுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு டிங்கியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

2.2 மீட்டர் இடத்துக்கு மூக்கு மழுங்கலான ப்ராம் வடிவம் நல்லது, கூர் மூக்கில் வீணாகும் இடம் அதில் ஆள் உட்கார உதவும். இரண்டு துண்டாகக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றை வைக்கிற டிங்கிகளும் உண்டு. 11 அடி டிங்கி அப்படி வைத்தால் ஆறடி சொச்சத்துக்குள் அடங்கும், ஒவ்வொரு பாதியையும் ஒரே ஆள் தூக்கிவிடலாம். ஹாட்ச் விஷயத்தில் உப்புக்காற்று சொல்வதை மறுக்க மாட்டேன், அதற்கு என்னிடம் பதில் கிடையாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சின்ன ஃபைபர் டிங்கியின் ஓரத்தில் காலை வைத்தால் சட்டென்று சாயும். நீச்சல் பழகாத குழந்தை என்றால் யோசியுங்கள்.

நீலத்திரை:
இரண்டு பேருக்கும் நன்றி. மகள் முன்னறையில்தான் தூங்குவாள், ஆகவே ஹாட்ச்சை மூடுவது நடக்காது. காற்று டிங்கி என்று முடிவு. இனி துணி பி.வி.சி.யா, ஹைபலான் ரப்பரா? கொஞ்ச தூரத்துக்கு இழுத்துத்தான் போவோம், அதற்கும் வழி சொல்லுங்கள்.

தளக்கயிறு:
ஹைபலான் என்பது டூபாண்ட் வைத்த பெயர். அவர்கள் 2010-ல் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், இப்போது அந்தப் பெயரில் விற்பது மற்றவர்கள் செய்யும் அதே வகை ரப்பர், சி.எஸ்.எம். என்று போட்டிருக்கும். வருடம் முழுக்க வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும் டிங்கிக்கு அது வேண்டும். நீங்கள் பயணம் முடிந்ததும் மடித்து உள்ளே வைக்கப்போகிறீர்கள் என்றால் பி.வி.சி. போதும், கூடவே குழாய்களுக்கு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். பழையது வாங்கினால் எந்தத் துணி என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பசை வேறு வேறு. கண்ணில் படாத ஒரு மூலையில் அசிட்டோன் தொட்ட துணியால் தேயுங்கள், பிசுபிசுத்தால் பி.வி.சி. அதற்கு இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பசை. ரப்பர் என்றால் உப்புத்தாளால் சுரண்டிவிட்டு நியோப்ரீன் பசை.

இழுப்பது பற்றி: உங்கள் படகு தண்ணீரைத் தொடும் நீளம் 20 அடி என்று வையுங்கள். அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வரும், அதுதான் படகு இயல்பாக ஓடும் உச்ச வேகம். டிங்கிக்கு அந்த நீளம் 6.5 அடி என்றால் 3.4 நாட்தான். நீங்கள் 5 நாட்டில் போகும்போது அது தன்னுடைய அலையிலேயே ஏற முடியாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. வேகம் குறைவது அங்கேதான். கயிற்றை ஒரே வளையத்தில் கட்டாதீர்கள், இரண்டு பக்க வளையங்களிலிருந்தும் கயிறு எடுத்து நடுவில் சேர்த்து இழுங்கள், அலைச்சல் பெரும்பாலும் அதிலேயே அடங்கும், வளையத்தைப் பிடித்திருக்கும் ஒட்டுப்பட்டையும் பிய்ந்து வராது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள், படகின் பின்னால் எழும் அலையில் ஒரு இடத்தில் இழுவை திடீரென்று லேசாகும், அங்கே நிறுத்துங்கள். அலையின் சரிவில் வழுக்கி ஓடிவந்தால் இன்னும் கொஞ்சம் விடுங்கள். மிதக்கிற பாலிப்ரொப்பிலீன் கயிறு போடுங்கள், அப்படியே இருந்தாலும் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டும் முன் கயிற்றைச் சுருக்கிவிடுங்கள். மோட்டாரையும் துடுப்பையும் டிங்கியில் வைத்து இழுக்கவே கூடாது. காற்று ஏறினால் காலியான டிங்கி ஒரு நொடியில் கவிழ்ந்துவிடும், அதனால் காற்று கூடும் என்று தோன்றினாலே மேலே ஏற்றிவிடுங்கள்.

உப்புக்காற்று:
மோட்டார் கேள்விக்கு: கட்டாயம் இல்லை, ஆனால் இருந்தால் நிம்மதி. 2.3, 2.5 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டார் 13, 14 கிலோ, அதையே படகிலிருந்து டிங்கிக்கு இறக்குவது சிரமம். கையைவிட்டுப் போகாமல் இருக்க அதற்கு ஒரு கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். பேட்டரி தனியாகக் கழன்று வரும் மின் மோட்டார் இதில் எளிது, இரண்டு தடவையாக இறக்கலாம், உள்ளே பெட்ரோல் வாசனையும் வராது. டிங்கியில் ஒட்டியிருக்கும் பட்டையில் எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு திறன் என்று இருக்கும். காற்றடைக்கும் படகுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6185 எண்ணும் இருக்கிறதா பாருங்கள். நீங்கள் இருவர் 140 கிலோ, மகள் 25, மோட்டார் 14, தண்ணீர் கேன் 20, ஆக 200-ஐ ஒட்டி வந்தாயிற்று. பட்டையில் அதற்கு மேல் அனுமதி இருந்தாலும் அலை இருக்கும் நாளில் அவ்வளவையும் ஒரே நடையில் ஏற்றாதீர்கள்.

இன்னொரு விஷயம், எதிர்க்காற்றில் நகராததற்கு: மூன்று பேரும் எங்கே உட்காருகிறீர்கள்? எல்லாரும் பின்பக்கம் இருந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு காற்று அதைத் தள்ளும். துடுப்பு போடுபவர் நடுவில், மனைவி பின்னால், மகளும் தண்ணீர் கேனும் முன்னால் இருந்து பாருங்கள்.

நீலத்திரை:
நாங்கள் இதுவரை மகளைப் பின்னால் மனைவி பக்கத்தில்தான் உட்கார வைப்போம். மாற்றிப் பார்க்கிறேன் அண்ணா. 2.4 மீட்டர், காற்றுத்தரை, காற்றுக் கீல், பி.வி.சி. என்று பார்க்கிறோம், துடுப்பு மட்டும் தனியாக நீளமாக வாங்குவேன். படகிலிருந்து டிங்கிக்கு அவளை இறக்குவது எப்படி?

கைத்துடுப்பு:
டிங்கியை முன்னும் பின்னும் இரண்டு கயிற்றால் படகோடு ஒட்டிக் கட்டுங்கள், ஒரே கயிறு என்றால் காலை வைக்கும் நேரத்தில் விலகும். முதலில் நீங்கள் இறங்கி உட்கார்ந்துவிடுங்கள், அப்புறம் மகள், கையில் எந்தப் பையும் இல்லாமல், நேராகத் தரையின் நடுவில் காலை வைக்கட்டும். பைகள் கடைசியில். மிதவை அங்கி படகிலேயே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும், பக்கத்தில்தானே கரை என்று டிங்கியில் கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம். இருட்டினால் கையில் ஒரு டார்ச், வரும் எஞ்சின் படகுக்கு நம்மைத் தெரிய வேறு வழியே கிடையாது.

புது டிங்கி வந்ததும், இடுப்பளவு ஆழத்தில் நீங்களும் மனைவியும் தண்ணீரில் இறங்கி, அங்கியோடு, தரையில் கால் ஊன்றாமல் ஏறிப் பாருங்கள். முடியவில்லை என்றால் பின்பக்கப் பலகையில் கால் வைக்க ஒரு கயிற்று வளையம் கட்டித் தொங்கவிடுங்கள், முழங்கால் அளவுக்குக் கீழே வருமாறு, கால் நுழைய அதில் ஒரு துண்டு ரப்பர் குழாய் கோத்து.