எபிகோம்பியாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கூட்டத்தை நோக்கி எறிகிற காசு முடிச்சுக்கு ஒரு சொல் வேண்டும். டிசம்பர் 24க்குள் கிடைத்தால் புண்ணியமாகப் போகும்.

பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், கடைசி நூறு ஆண்டு வெள்ளிக் காசுகளைச் சேர்க்கிறவன் நான். அழகுக்காக யாரும் இவற்றைச் சேர்ப்பதில்லை. வில்லை கோணல்மாணலாக இருக்கும், அச்சு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். முன்பக்கம் கிறிஸ்து, பின்பக்கம் பேரரசர், இரண்டு முகமும் பிள்ளைகள் சிலேட்டில் போட்ட படம் போலத்தான். பேரரசரைச் சுற்றி இரண்டு வளையமாக எழுத்து ஓடும்: பாலையோலோகர் யோவான், கடவுள் அருளால் ரோமானியரின் பேரரசர் என்று. பாதி எழுத்து வில்லைக்கு வெளியே போயிருக்கும். பேரரசே அப்போது தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளும் தென் கிரேக்கத்து மோரியாவும் சில தீவுகளுமாகச் சுருங்கிவிட்டது. எழுத்து மட்டும் குறையவில்லை.

இந்தக் காசின் பெயர் ஸ்டவ்ராட்டன். 1350களில் பொற்காசு அடிப்பது நின்றுபோய், 1367 வாக்கில் பேரரசர் ஐந்தாம் யோவான் இதைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் சுமார் எட்டரை கிராம், பிறகு படிப்படியாக இளைத்து ஏழுக்கும் கீழே போனது. அதில் பாதி ஒரு காசு, எட்டில் ஒரு பங்கு இன்னொரு காசு. எட்டில் ஒன்று சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், எடை ஏறக்குறைய ஒரு கிராம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், இரண்டு மூன்றாகச் சேர்ந்துவிட்ட இந்தச் சின்னக் காசுகளைத் துணியில் முடிந்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பேன். கூடவே ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு. துணியில் முடிகிற யோசனை என்னுடையதல்ல, அந்த அரண்மனையிலிருந்தே எடுத்தது. பேரரசர் முடிசூடிய அன்று கூட்டத்தை நோக்கிச் சிறு துணி முடிச்சுகளை எறிவார்கள். 14ஆம் நூற்றாண்டு அரண்மனைச் சடங்கு நூல் ஒன்று கணக்கே சொல்கிறது: ஒரு முடிச்சுக்குள் 3 பொன், 3 வெள்ளி, 3 செம்பு. மொத்தம் பத்தாயிரம் முடிச்சு வரை. இதற்கு எபிகோம்பியா என்று பெயர், ஒருமையில் எபிகோம்பியன். கிரேக்கத்தில் கோம்போஸ் என்றால் முடிச்சு.

போன வருடம் குறிப்பில் "எபிகோம்பியன் எனப்படும் நாணயப் பொட்டலம்" என்று எழுதிவைத்தேன். படித்த என் அத்தை, "பொட்டலமா? கடலையா கொடுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டார். நல்ல சொல்லாக ஒன்று சொல்லுங்கள்.

———

சார், கையிலேயே வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள். பொற்கிழி! கிழி என்றால் துணித்துண்டு. துணியில் பொன்னை முடிந்து கொடுத்தால் பொற்கிழி. தருமி கதை தெரியாத தமிழர் உண்டா?

அப்புறம் இன்னொன்று. எட்டில் ஒரு பங்கு என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? நம்மிடம் அரைக்கால் இருக்கிறதே. அரைக்கால் ஸ்டவ்ராட்டன். ஒரே சிக்கல், இந்தக் காலப் பிள்ளைகளுக்கு அரைக்கால் என்றதும் சட்டைதான் நினைவுக்கு வரும்.

———

அரைக்கால் அருமை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் அரைக்கால் படி இன்னும் இருக்கிறது.

ஆனால் பொற்கிழி எனக்கு ஒட்டவில்லை. பொற்கிழி ஒருவருக்கு, பெயர் சொல்லி அழைத்து, சபை நடுவில் கையில் கொடுப்பது. வாங்குகிறவர் பாடியிருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும், ஏதாவது செய்திருக்க வேண்டும். இங்கே கூட்டத்தில் எவர் தலையில் விழுகிறதோ அவருக்கு. தகுதி என்று பார்த்தால் எட்டிப் பிடிக்கிற கை மட்டும்தான். பணமுடிப்பும் அப்படியே, ஓய்வுபெறுகிறவருக்கு மாலையோடு கொடுக்கிற வாசனை அதில் அடிக்கிறது.

ஊர்த் திருவிழாவில் பழமும் சில்லறையும் கூட்டத்தில் இறைப்பதைச் சூறை விடுதல் என்போம். சிறுவயதில் சூறையில் பொறுக்கிய நாலணாவைச் செலவழிக்காமல் வைத்திருந்தேன். ஆகவே என் வாக்கு "சூறைமுடிப்பு".

———

இருவருக்கும் நன்றி. அரைக்கால் முடிந்துவிட்டது, இனி அதைப் பற்றிப் பேச்சில்லை.

முடிப்பு என்ற பாதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிரேக்கச் சொல் முடிச்சிலிருந்து பிறந்தது, நம்முடைய முடிப்பும் அப்படித்தான். எந்த வேரையும் வலிந்து இழுக்க வேண்டியதில்லை. பொற்கிழியில் எனக்கு இன்னொரு தடையும் உண்டு, பொன். 1347இல் ஆறாம் யோவான் முடிசூடியபோது முடியில் பதித்திருந்தவை கண்ணாடிக் கற்கள், விருந்துத் தட்டுகள் ஈயமும் மண்ணும் என்று அக்கால வரலாற்றாசிரியர் கிரேகோராஸ் எழுதிவைத்திருக்கிறார். நிஜ நகைகளை அதற்கு நாலு வருடம் முன்பே 30,000 டுகாட்டுக்கு (வெனிஸின் பொற்காசு) வெனிஸில் அடகு வைத்தாயிற்று. 1392இல் இரண்டாம் மானுவேல் முடிசூடி வெளியே வந்தபோது இறைத்தவை ஸ்டவ்ராட்டன்கள் என்று, அங்கே இருந்த ரஷ்யப் பயணி இக்னாத்தியஸ் சொல்கிறார். வெள்ளி இறைத்த காலத்துக்குப் பொற்கிழி என்று பெயர் வைத்தால் காசே சிரிக்கும்.

சூறை விஷயத்தில்தான் தயக்கம். கான்ஸ்டான்டிநோபிள் என்று எழுதி அதே வரியில் சூறை என்று எழுதினால், படிப்பவர் மனம் சிலுவைப்போர்ப் படை புகுந்த 1204க்கோ துருக்கியர் பிடித்த 1453க்கோ போய்விடும். அந்த நகரம் உண்மையிலேயே சூறையாடப்பட்ட நகரம். கடைசி முற்றுகையின்போது படைவீரர்களுக்குக் கூலி கொடுக்க, தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கிக் காசடித்தார்கள். அப்படிப்பட்ட ஊரின் காசோடு இந்தச் சொல்லைச் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. உங்கள் நாலணாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

"இறைமுடிப்பு" என்று எழுதிப் பார்த்தேன். இறை என்றால் கடவுள், அரசன், வரி. வரி கட்டுகிற மூட்டை போல் ஆகிவிட்டது.

———

தம்பி, நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறை வேண்டாம், சரி. "வீசு" இருக்கிறதே. வீசுமுடிப்பு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. வீசிய முடிப்பு, வீசுகின்ற முடிப்பு, வீசும் முடிப்பு, மூன்றும் அதற்குள் அடங்கும். இன்றைக்கு வீசுதல் என்றால் எறிதல் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. சங்கப் பாட்டில் வள்ளல்கள் வீசினார்கள் என்றால் வரையாமல் கொடுத்தார்கள் என்று பொருள். எறிதலும் கொடுத்தலும் ஒரே வினையில் கிடைக்கும்போது வேறெங்கும் போக வேண்டாம்.

ஒரு ஐயம். முடிசூட்டு விழாவில் வீசியதைக் கிறிஸ்துமஸில் கொடுக்கிறீர்கள். குறிப்பைப் படிக்கிற பிள்ளை, பைசாந்தியத்தில் கிறிஸ்துமஸுக்குக் காசு முடிந்து கொடுத்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதா? ஸ்டவ்ராட்டனுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கப் போகிறீர்களா என்றும் தெரியவில்லை. கிரேக்கத்தில் ஸ்டவ்ரோஸ் என்றால் சிலுவை அல்லவா?

———

ஐயா, வீசுமுடிப்பு. இனி மாற்றமில்லை. பத்து நாளாகத் தேடியதை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள்.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை அந்த அரண்மனையில் வேறொன்று நடக்கும். பேரரசர் உயரமான மேடையில் திரைக்குப் பின்னால் நிற்பார். திரை விலகியதும் விளக்கொளியில் அவர் தெரிவார், பாடகர்கள் கிறிஸ்து பிறப்பைப் பாடுவார்கள். புரோகிப்சிஸ் என்று பெயர். அதையும் முடிச்சையும் சேர்த்தது நான்தான். குறிப்பின் முதல் வரியிலேயே அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஸ்டவ்ராட்டனை அப்படியே விடுகிறேன். சிலுவைக்காசு என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். வாங்கிய பையன் அரைமணி நேரம் உருப்பெருக்கியோடு சிலுவையைத் தேடினான். கிறிஸ்துவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்துக்குள் கொஞ்சம் இருக்க வேண்டும். அவன் காசில் அந்த இடம் மழுங்கிப் போயிருந்தது.

இந்த வருடக் குறிப்பு இப்படிப் போகிறது: "இது ஒரு வீசுமுடிப்பு. உள்ளே இரண்டாம் மானுவேலின் அரைக்கால் ஸ்டவ்ராட்டன் ஒன்று. நான் வீசவில்லை, கையில்தான் கொடுக்கிறேன். முடிச்சைப் பல்லால் அவிழ்க்க வேண்டாம்."

அச்சுக்கு நாளை காலை போகிறது. பிழை இருந்தால் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.