ஸ்ட்ரக்டுக்குள் மேப்பிங்: கணக்கை டெலீட் செய்த பிறகும் பழைய தொகை திரும்ப வருகிறது

உண்டியல்:

வணக்கம். எதீரியம் பிளாக்செயினுக்கான சாலிடிட்டி மொழியில் ஒரு சேமிப்பு கான்ட்ராக்ட் (செயினிலேயே ஓடும் நிரல்) எழுதிப் பழகுகிறேன். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கணக்கு, அதற்குள் அவர் எத்தனை சேமிப்பு இலக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கோடில் இருக்கும் பெயர்களைத் தமிழில் மாற்றிச் சொல்கிறேன். (நிஜத்தில் சாலிடிட்டி தமிழ் எழுத்தில் பெயர் வைக்க விடாது, முயன்று பார்த்துவிட்டேன்.)

இலக்கு என்று ஒரு ஸ்ட்ரக்ட் (பல புலங்களைச் சேர்த்த தொகுப்பு): தேவை, சேர்ந்தது, கெடு.
பயனர் என்று இன்னொரு ஸ்ட்ரக்ட்: சேர்ந்த நேரம், செயலில் உள்ளாரா, இலக்கு எண்ணிக்கை, கூடவே எண்ணிலிருந்து இலக்குக்கு ஒரு மேப்பிங் (சாவி கொடுத்தால் மதிப்பு தரும் அட்டவணை).
வெளியே, முகவரியிலிருந்து பயனருக்கு ஒரு மேப்பிங்.

முதல் தடங்கல்: பழைய டுடோரியலில் பயனர்கள்[முகவரி] = பயனர்(...) என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். என் கம்பைலர் 0.8, மேப்பிங் உள்ள ஸ்ட்ரக்டை இப்படி உருவாக்க முடியாது என்று மறுத்துவிட்டது. சரி என்று ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாக நிரப்பினேன், அது ஓடுகிறது.

இரண்டாவதுதான் புரியவில்லை. கணக்கை மூடும்போது லூப் போட்டு எல்லா இலக்கிலும் சேர்ந்த தொகையைக் கூட்டி அனுப்பிவிட்டு, டெலீட் பயனர்கள்[முகவரி] என்று முடிக்கிறேன். அதே முகவரி திரும்பச் சேர்ந்து புது இலக்கு ஒன்று வைத்தால், ஒரு பைசா போடாமலே அதில் 0.4 ஈதர் (எதீரியத்தின் நாணயம்) சேர்ந்திருப்பதாகக் காட்டுகிறது. அது மூடுவதற்கு முன் இருந்த தொகை. டெலீட் வேலை செய்யவில்லையா?

ஸ்லாட்_எண்ணி:

டெலீட் வேலை செய்திருக்கிறது, ஆனால் மேப்பிங்கைத் தொடவில்லை. தொடவும் முடியாது. மேப்பிங் எந்தெந்தச் சாவிகள் வந்துபோயின என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. இலக்கு 0 எங்கே இருக்கிறது என்பது ஒரு கணக்கு மட்டும்தான்: சாவியையும் மேப்பிங்கின் ஸ்லாட் (சேமிப்பில் ஒரு கட்டம்) எண்ணையும் சேர்த்து கெச்சக்256 ஹாஷ் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண் தரும் கணக்கு) எடுத்தால் வருவதே இடம். பட்டியல் இல்லாதபோது டெலீட் எதைப் போய்த் துடைக்கும்?

உங்கள் விஷயத்தில் நடந்தது இது. டெலீட் செய்ததும் சேர்ந்த நேரம், செயலில் உள்ளாரா, எண்ணிக்கை மூன்றும் பூஜ்யம் ஆகிவிட்டன. அவர் திரும்ப வந்ததும் எண்ணிக்கை 0 என்பதால் புது இலக்குக்கு ஐடி 0 கிடைத்தது. முகவரியும் ஐடியும் பழையவையே என்பதால் ஹாஷும் பழையதே, இடமும் பழையதே. புது இலக்கு வைக்கும் ஃபங்ஷனில் தேவையையும் கெடுவையும் மட்டும் எழுதிவிட்டு, சேர்ந்தது எப்படியும் பூஜ்யம்தானே என்று விட்டிருப்பீர்கள். சரியா?

ஒன்று கேட்கிறேன்: பணம் எடுக்கும் ஃபங்ஷன் எதைப் பார்த்து அனுமதிக்கிறது?

உண்டியல்:

அப்படியே விட்டிருக்கிறேன். எடுக்கும்போது அந்த இலக்கின் 'சேர்ந்தது' போதுமா என்று மட்டும் பார்க்கிறேன்.

ஸ்லாட்_எண்ணி:

அப்படியானால் இது வெறும் காட்சிப் பிழை இல்லை. 0.4 போட்டுக் கணக்கை மூடுகிறார், 0.4 திரும்ப வருகிறது. மறுபடி சேர்ந்து இலக்கு 0 வைத்து இன்னொரு 0.4 எடுக்கிறார். அது அடுத்தவர் போட்ட பணம். கான்ட்ராக்ட் காலியாகும்வரை இதையே செய்யலாம். டெஸ்ட்நெட்டில்தானே (நிஜப் பணம் இல்லாத சோதனை வலையில்) இருக்கிறது?

உண்டியல்:

ஆமாம், டெஸ்ட்நெட்தான். வயிற்றைக் கலக்கிவிட்டது.

தறிக்காரன்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். முதல் தடங்கலைச் சுலபமாகத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் இரண்டாவதுக்கும் வேர் அங்கேதான். 0.7க்கு முன்பு பயனர்(...) என்று மெமரியில் (தற்காலிக நினைவில்) கட்டி ஸ்டோரேஜில் (செயினின் நிரந்தரச் சேமிப்பில்) போட கம்பைலர் விட்டது, உள்ளே இருந்த மேப்பிங்கைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. 0.7ல்தான் மேப்பிங் உள்ள ஸ்ட்ரக்ட் ஸ்டோரேஜில் மட்டுமே இருக்கலாம் என்று ஆக்கினார்கள். மேப்பிங் உள்ளே வந்துவிட்டால் அந்த ஸ்ட்ரக்டைத் தூக்கி வைக்கவும் முடியாது, நகல் எடுக்கவும் முடியாது, முழுசாகத் துடைக்கவும் முடியாது.

அதனால் நான் மேப்பிங்கை வெளியே எடுத்துவிடுவேன். முகவரியிலிருந்து பயனருக்கு ஒன்று, முகவரியிலிருந்து எண்ணுக்கும் எண்ணிலிருந்து இலக்குக்குமாக அடுக்கு மேப்பிங் ஒன்று. கேஸ் (ஒவ்வொரு செயலுக்கும் ஆகும் கட்டணம்) கூடுமோ என்று பயப்பட வேண்டாம், இரண்டு அமைப்பிலும் ஓர் இலக்கைத் தேட இரண்டு ஹாஷ்தான். பயனர் ஸ்ட்ரக்டில் மேப்பிங் இல்லாததால் பழைய ஒற்றை வரியும் திரும்ப ஓடும்.

ஸ்லாட்_எண்ணி:

அமைப்பு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் பழைய தொகைச் சிக்கல் அதனால் தீராது. அடுக்கு மேப்பிங்கையும் டெலீட் துடைக்காது. பயனரை டெலீட் செய்தால் எண்ணிக்கை பூஜ்யமாகும், ஐடி திரும்ப 0லிருந்து வரும், அதே கதை.

தறிக்காரன்:

உண்மைதான், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். லூப்பில் ஒவ்வோர் இலக்காக டெலீட் செய்யலாமா? ஒரு ஸ்லாட்டைப் பூஜ்யமாக்க முதல் தொடுதலில் 5,000 கேஸ். எதீரியத்தின் லண்டன் மாற்றத்துக்குப் பிறகு ஸ்லாட்டுக்கு 4,800 திரும்பக் கிடைக்கும், அதுவும் பரிவர்த்தனை செலவழித்த கேஸில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. இலக்கு எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லையென்றால் ஒருநாள் லூப் பிளாக்கின் கேஸ் வரம்பைத் தாண்டும், அவரால் கணக்கை மூடவே முடியாமல் போகும்.

ஸ்லாட்_எண்ணி:

துடைக்காமலே வேலையை முடிக்கலாம். முகவரியிலிருந்து 'சுற்று' எண்ணுக்குத் தனியாக ஒரு மேப்பிங் வையுங்கள், அதை மட்டும் ஒருபோதும் டெலீட் செய்யக் கூடாது. இலக்கு மேப்பிங்கை முகவரி, சுற்று, ஐடி என்று மூன்று அடுக்காக்குங்கள். கணக்கை மூடும்போது சுற்றில் ஒன்று கூட்டினால் போதும். பழைய இலக்குகள் அவை இருந்த இடத்திலேயே கிடக்கும், ஆனால் புது சுற்றின் ஹாஷ் வேறு இடத்தைக் காட்டும். ஐம்பது இலக்கு இருந்தாலும் செலவு ஒன்றேதான்.

தொகையைக் கூட்டும் லூப்பும் வேண்டாம். பயனரில் 'மொத்தம்' என்று ஒரு புலம் வைத்து, போடும்போது கூட்டுங்கள், எடுக்கும்போது கழியுங்கள். இதில் ஓர் உபரி லாபம் உண்டு. 0.8ல் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பரிவர்த்தனையே ரத்தாகித் திரும்பிவிடும். இன்றைய கோடில் இந்த ஒரு கழித்தல் இருந்திருந்தால் அந்த இரண்டாவது 0.4 வெளியே போயிருக்காது.

இன்னொன்று, இலக்கில் தேவையையும் சேர்ந்ததையும் 128 பிட்டாக்கி அடுத்தடுத்து வையுங்கள், இரண்டும் ஒரே 32 பைட் ஸ்லாட்டில் அடங்கும். வெய் (ஈதரின் மிகச் சிறிய அலகு) கணக்கில் ஈதர் மொத்த இருப்புக்கும் 128 பிட் தாராளம்.

உண்டியல்:

அப்படியே மாற்றினேன். பழைய தொகை வரவில்லை. ஆனால் இப்போது பணம் போட்டால் 'சேர்ந்தது' நகரவே மாட்டேன் என்கிறது! மொத்தம் மட்டும் கூடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை. வரிகள்:

இலக்கு மெமரி இ = இலக்குகள்[முகவரி][சுற்று][ஐடி];
இ.சேர்ந்தது += தொகை;

தறிக்காரன்:

முதல் வரியில் மெமரியை ஸ்டோரேஜ் ஆக்குங்கள். மெமரி என்றால் நகல் எடுத்து, நகலில் கூட்டி, ஃபங்ஷன் முடிந்ததும் நகலைக் கடாசிவிடுகிறீர்கள். ஸ்டோரேஜ் என்றால் அந்த இடத்துக்கே பாயிண்டர். இலக்கில் மேப்பிங் இல்லாததால் கம்பைலர் மெமரியை அனுமதித்துவிட்டது.

உண்டியல்:

ஓடிவிட்டது! ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரம். கடைசியாக ஒன்று: ஒரு பயனரின் எல்லா இலக்குகளையும் திரையில் காட்ட வேண்டும். பப்ளிக் என்று போட்டால் கிடைக்கும் கெட்டர் (மதிப்பைப் படித்துத் தரும் ஃபங்ஷன்) ஒவ்வொன்றாகத்தான் தருகிறது.

ஸ்லாட்_எண்ணி:

வியூ ஃபங்ஷன் (எதையும் மாற்றாமல் படிக்க மட்டும் செய்வது) ஒன்று எழுதுங்கள். தொடக்கம், எத்தனை என்று இரண்டு எண் வாங்கி, அந்த அளவுக்கு மெமரியில் இலக்கு வரிசை ஒன்று கட்டி நிரப்பித் திருப்பி அனுப்பட்டும். வெளியிலிருந்து அழைத்தால் பயனருக்குக் கேஸ் செலவில்லை, ஆனால் நோடுகளும் (செயினை ஓட்டும் கணினிகளும்) ஒரு வரம்பு வைத்திருக்கும் என்பதால் பக்கம் பக்கமாகக் கேட்பது நல்லது.

மூடும் ஃபங்ஷனில் வரிசையையும் பாருங்கள். மொத்தத்தை ஒரு தற்காலிக மாறியில் எடுத்துக்கொண்டு, சுற்றைக் கூட்டி, பயனரை டெலீட் செய்து, அதற்கப்புறம்தான் ஈதர் அனுப்ப வேண்டும். பெறுவது இன்னொரு கான்ட்ராக்டாக இருந்தால், பணம் வந்த கையோடு உங்கள் ஃபங்ஷனை மறுபடி அழைக்க அதனால் முடியும்.

உண்டியல்:

அனுப்பிவிட்டுத்தான் டெலீட் செய்துகொண்டிருந்தேன். மாற்றிவிட்டேன். மூடு, திரும்பச் சேர், இலக்கு 0 வை, சேர்ந்தது 0 தானா பார், எடுக்க முயன்றால் திரும்புகிறதா பார் என்று ஒரு டெஸ்டும் எழுதிவிட்டேன். பழைய கோடில் அதை ஓட்டினால் சிவப்பு, புதியதில் பச்சை. இருவருக்கும் நன்றி.