தனியாகப் போனாலும் பெரிய தட்டு அன்ஜு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

சுவோன்வாசி:
இங்கே கொரியாவில் குடியோடு சாப்பிடும் பதார்த்தத்துக்கு அன்ஜு என்று பெயர். நேற்றிரவு வேலை முடிந்து தனியாக ஒரு குடிக்கடைக்குப் போனேன். ஒரு பாட்டில் சோஜு என்ற கொரியச் சாராயம், மண்சட்டியில் பொங்கி வரும் கேரான்ஜிம் முட்டை, அவ்வளவுதான் கேட்டேன். முட்டை கணக்கில் வராது, அன்ஜு ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். கோல்பெங்கி முச்சிம் சொன்னேன். கடல் நத்தையைக் காரமும் புளிப்புமாகப் பிசைந்து, பக்கத்தில் மெல்லிய சோமியன் நூடுல்ஸ் வைத்துத் தருவார்கள். ருசியில் குறையே இல்லை. ஆனால் மூன்று பேர் சாப்பிடும் அளவு, பாதிக்கு மேல் மிச்சம். சோஜுவைப் போல நான்கு மடங்கு விலை. குடிக்க வந்தவனைச் சாப்பிடக் கட்டாயப்படுத்துவது அநியாயம் என்பேன்.

கடலோடி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்ஜு என்பதைச் சீன எழுத்தில் எழுதினால் முதல் எழுத்துக்கு அமுக்குதல் என்று பொருள். குடியின் வேகத்தை அமுக்கத்தான் சாப்பாடு. கொரியாவில் வெறும் வயிற்றோடு குடிப்பவரைப் பார்த்தால் பக்கத்து மேசைக்காரர்கூடக் கவலைப்படுவார். அப்புறம் வியாபாரம். 1965இல் தானியத்தில் சோஜு வடிக்கத் தடை வந்தது. அதன்பின் மரவள்ளி, சர்க்கரைவள்ளி போன்றவற்றிலிருந்து எடுத்த சாராயத்தில் தண்ணீர் கலந்த மலிவுச் சோஜுதான் ஊரெல்லாம் பரவியது. அந்த பாட்டிலை மட்டும் விற்று யார் வாடகை கட்டுவது? கடை ஓடுவதே அன்ஜுவால்தான்.

சுவோன்வாசி:
அப்படியென்றால் சியோல் ஒல்ஜிரோவின் நோகாரிச் சந்துக்கு என்ன சொல்வீர்கள்? நோகாரி என்பது உலர்த்திய பொலாக் மீன் குஞ்சு. அதைச் சுட்டு, காரமான கொச்சுஜாங் சாஸோடு ஒன்று 1,000 வோனுக்குத்தான் பல வருடம் கொடுத்தார்கள். அந்தச் சந்துக்கு வழிகாட்டிய ஓபி பேர் என்ற சின்ன பியர்க்கடை 1980இல் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நடந்ததே! தனி ஆள் ஒரு பியர், ஒரு மீன் என்று உட்கார்ந்துவிட்டு எழுந்து போக முடிந்தது.

கடலோடி:
அந்தக் கடையை 2022இல் காலி செய்ய வைத்தது எனக்கும் வருத்தம்தான். அது கட்டட உரிமையாளரோடு வந்த வாடகை ஒப்பந்தத் தகராறு, மலிவு அன்ஜுவால் நொடித்துப் போகவில்லை. அந்த அளவில் உங்கள் பேச்சு சரி. ஆனால் நோகாரியைச் சுட்டால் வேலை முடிந்தது. நீங்கள் சொன்ன கோல்பெங்கியோ, காரக் கோழிக்கால் தக்பாலோ வேண்டுமென்றால் நள்ளிரவு ஒரு மணிக்கும் அடுப்படியில் ஓர் ஆள் நிற்க வேண்டும். இன்னொன்று, இவையெல்லாம் நடுவில் வைத்துப் பலர் எடுத்துத் தின்பதற்காகவே உருவானவை. மீன் அடை போட்ட ஓதெங்தாங் சூப்பை அடுப்போடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். வற்ற வற்றச் சாறு ஊற்றி இரண்டு மணி நேரம் பேசலாம். அதை ஒரு கிண்ணத்தில் அளந்து கொடுத்தால் அது வேறு சாப்பாடு.

மழைக்குருவி:
இருவரும் சியோல் பக்கத்தை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். தென்மேற்கே ஜொன்ஜு நகரின் சம்சொன்தோங் சந்துக்கு வாருங்கள். அங்கே காசு மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளுக்குத்தான். ஒரு கெட்டில் சொன்னால் மேசை நிறையத் தட்டுகள் தானாக வரும். அடுத்த கெட்டிலுக்கு வேறு தட்டுகள். நான் முதல் தடவை போனது நல்ல மழை நாள். வெங்காயத்தாள் போட்ட பாஜொன் அடை கல்லில் பொரியும் சத்தமும் வெளியே மழைச் சத்தமும் ஒன்றாகவே கேட்டன. மழை வந்தால் பாஜொன் தேடுகிறார்களே, அதன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சுவோன்வாசி:
சந்தோஷமான கதை. ஆனால் அந்தக் கெட்டிலிலும் மூன்று பாட்டில் மக்கொல்லி இருக்குமே! தனி ஆளுக்கு அங்கேயும் இடமில்லை. தனியாகக் குடிப்பதற்கு ஹொன்சுல் என்று கொரியர்களே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வந்துவிட்டது, தட்டு இன்னும் சிறிதாகவில்லை. நான் கேட்பது தள்ளுபடி இல்லை. அரைத் தட்டு கோல்பெங்கி, முக்கால் விலை வாங்கிக்கொள்ளட்டும், மனதாரக் கொடுப்பேன்.

கடலோடி:
முக்கால் விலைக்கு அரைத் தட்டு என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஓதெங்தாங்கை மட்டும் விட்டுவிடுங்கள்.