சாம்பலைச் சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) அடக்கம் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் குருநகரில் இருக்கும் என் மாமிக்காகக் கேட்கிறேன்.

2021 ஆவணியில் மாமா கொரோனாவில் போய்விட்டார். பெட்டி வீட்டுக்கு வரவில்லை, முகமும் பார்க்கவில்லை. எரித்துச் சாம்பலைத்தான் தந்தார்கள். அந்தச் சாம்பல் முட்டி இன்னும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி சுற்றியபடி இருக்கிறது. "எரிச்ச உடம்பு எப்பிடியடா உயிர்க்கும்?" என்று மாமி கேட்பார். 1963இலேயே கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை அனுமதித்துவிட்டது, 2016இல் வத்திக்கான் சாம்பலைச் சேமக்காலை போன்ற புனித இடத்தில் வைக்கச் சொன்னது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவார், அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல வருபவர்களோ "ஆண்டவர் சித்தம்" என்று தேத்தண்ணியோடு முடித்துவிடுகிறார்கள். நண்பர் லாசர் இறந்தபோது இயேசுவே அழுதாரே, மாமி அழுதால் மட்டும் விசுவாசக் குறைவா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி இறந்தோர் நினைவு நாளுக்கு முன் குடும்பக் கல்லறையில் சாம்பலை வைக்க யோசிக்கிறோம். உங்கள் பங்குக் கோயிலில் யாராவது இப்படிச் செய்தீர்களா? பங்குச் சுவாமி (குருவானவர்) முழு அடக்கச் செபமும் சொன்னாரா? என்ன பத்திரங்கள் கேட்டார்கள்? மாமிக்கு பாண்ட் வாத்தியமும் வேண்டுமாம். இவ்வளவு காலம் கழித்து அதைச் செய்தவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கோ.