கொழும்புப் புறக்கோட்டையில் பழைய கடைக் கட்டடத்தைத் திருத்த எங்கே தொடங்குவது?

குறுக்குத்தெருக்காரன்:
எங்கள் புடவைக்கடை இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்புப் பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரம். தாத்தா காலத்து வாடகைக் கடை. போன மாதம் ஏசி குழாய் மாற்ற முகப்பு அலுமினியத் தகட்டைக் கழற்றினால் உள்ளே அரைவட்ட ஜன்னல், அதில் ஒரேயொரு பச்சைக் கண்ணாடி உடையாமல். முப்பது வருஷம் அதன் கீழேதான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்! பக்கத்துக் கடை நானாவுக்கும் எதிர்க்கடைச் சிங்கள மஹத்தயாவுக்கும் காட்டினேன், அவர்கள் கடைகளிலும் அப்படித்தான் இருக்குமாம். ஐந்து கடைக்காரர் சேர்ந்து வரிசையாகத் தகடுகளைக் கழற்றி பெயின்ட் அடிக்கலாமா என்று பேச்சு. யாராவது செய்திருக்கிறீர்களா?

சுண்ணாம்புக்கை:
பெயின்ட் கடைசி வேலை அண்ணன். முதலில் கூரைக்கு ஏறி ஓடுகளையும் மழைத்தண்ணீர் ஓடும் பீலியையும் பாருங்கள். பழைய சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது, நனைந்தால் மூச்சுவிட்டுக் காயும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்பு பூத்து, செங்கல் உள்ளுக்குள்ளேயே பொடியாகிவிடும், வெளியே பார்த்தால் சுவர் பளபள என்று நிற்கும். பிளாஸ்டிக் பெயின்ட்டும் அதே வேலையைத்தான் செய்யும், சுண்ணாம்பே அடியுங்கள். கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு மாநகர சபையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் கேளுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

செட்டியார்தெரு:
இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் திருத்தி 2011இல் கடைத்தொகுதியாகத் திறந்த கோட்டைப் பழைய டச்சு வைத்தியசாலையைக் காட்டுவார்கள். அது அரசாங்கத்தின் கட்டடம், முடிவெடுக்க ஒரு கை போதும். நம் கட்டடங்களுக்கு ஒன்பது வாரிசு, ஒருவர் டொரொன்டோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் மற்றவரோடு பேசுவதில்லை. 1972 வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பழைய குடியிருப்பாளரின் வாடகை ஓட்டு மாற்றும் செலவுக்குக்கூடக் காணாது, உரிமையாளர் திருத்த மாட்டார். வாடகைக்காரரோ அடுத்தவன் கூரைக்கு நான் ஏன் காசு போட என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் மழை ஒழுகும்.

83 ஜூலைக் கலவரத்தில் எரிந்த கடைகளில் என் மாமாவின் கடையும் ஒன்று. திரும்பக் கட்டியது கொங்கிரீட் பெட்டி, முன்பு முகப்பு எப்படி இருந்தது என்று காட்ட வீட்டில் ஒரு படமும் இல்லை. அதனால் நீங்கள் எதையும் தொடுமுன் நன்றாகப் படம் எடுத்து வையுங்கள் தம்பி.

இன்னொன்று, அழகாக்குகிறோம் என்று லொறியையும் கைவண்டியையும் தடுத்துவிடாதீர்கள். சுமை தூக்கும் நாட்டாமைமார் மூட்டை இறக்க முடியாத புறக்கோட்டையில் கோப்பிக் கடை மட்டும்தான் மிஞ்சும்.

பினாங்கு மருமகன்:
செட்டியார்தெரு ஐயா சொன்ன வாடகைக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. இங்கே பினாங்கின் ஜோர்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000இல் முடிந்ததும் தலைமுறையாக இருந்த பலர் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டம் வந்தது, கடைவீடுகள் பல ஹோட்டலாயின. சுவரெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, மனைவியின் ஊர்ச் சனத்தைத்தான் அங்கே காணவில்லை. உங்கள் காசில் திருத்துவதென்றால் முதலில் சில வருஷத்துக்காவது வாடகை ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள், ஜன்னல் அழகாகி வாடகை ஏறினால் வெளியே போவது நீங்கள்தான்.

குறுக்குத்தெருக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நானாவோடு கூரைக்கு ஏறினேன். பீலியில் இரண்டு பை நிறைய பொலித்தீன், காக்கைக் கூடு, ஒற்றைச் செருப்பு, அதையெல்லாம் அள்ளிப் போட்ட பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் சுவரில் வடியவில்லை. ஐந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முதலில் பீலி, ஓடு மட்டும் பார்ப்பதாக முடிவு. ஒப்பந்தப் பேச்சை உரிமையாளரின் அக்காவோடு வாட்சப்பில் தொடங்கியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இப்போதைய பிரச்சினை வேறு. மேல்சுவர் வெடிப்பில் முழ உயரத்துக்கு அரசங்கன்று, மஹத்தயா அதை வெட்டவே விடமாட்டேன் என்கிறார். எங்கள் அம்மாவும் அவர் பக்கம். சுவரைப் பெயர்க்காமல் வேரோடு எடுத்துத் தொட்டியில் வைக்க யாருக்காவது தெரியுமா?