"இங்க ஏதோ ஒரு சக்தி இருக்கு": திருகோணமலையில் கேட்ட பேச்சுகள்

திருக்கடலூரான்

திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை உச்சிவரை ஆட்களை ஏற்றி இறக்குவது என் தொழில். வழியில் மான்களைப் படம் பிடிக்க ஓட்டோவை நிறுத்துவேன், செருப்பை எங்கே விடுவது என்று சொல்வேன், கேட்டால் கதையும் சொல்வேன். இப்போது பலர் கதை கேட்பதில்லை. உச்சியில் காற்று முகத்தில் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க நல்ல வைப்ரேஷன்" என்கிறார்கள். வெள்ளைக்காரர் மட்டும் இல்லை, கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் நம்மவர்களுந்தான்.

அண்மையில் சென்னையிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். மலைப் பாறையில் இராவணன் வெட்டு என்று சொல்லும் பிளவுப் பக்கம் மரத்தில் தொங்கும் சின்ன மரத்தொட்டில்களைப் பார்த்து மனைவி, "இது என்னண்ணா, அலங்காரமா?" என்று கேட்டார். பிள்ளை வரம் கேட்டுக் கட்டுவது என்றேன். கணவர் உடனே, "அதாவது பிரபஞ்சத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்புறாங்க" என்று விளக்கினார். பக்கத்தில் ஒரு அம்மா, மருமகளுக்காகத் தொட்டில் கட்டிக்கொண்டு நின்றா. திரும்பிப் பார்த்து, "பிரபஞ்சத்துக்கு இல்லத் தம்பி, கோணேசருக்கு. அவரிட்டத்தான் கேட்டிருக்கிறன். பிள்ளை கிடைச்சா இங்க கொண்டந்து காட்டுறன் எண்டு சொல்லியிருக்கிறன்" என்றா. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார் அவர். "ஒண்டெண்டா நீங்க ஏன் தம்பி கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்தனீங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா முடிச்சை இறுக்கினா. அந்தத் தம்பி சிரித்தார். நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை.

ஆனால் வைப்ரேஷன் என்று சொல்லி முடித்த பிறகு ஒருவர் என்னிடம் கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த மலையைப் பாடியது, 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியது, 1950இல் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் வெளியே வந்தது, 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடி கடலடியில் இடிபாடுகளைக் கண்டது, 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது, எதுவுமே அதற்குத் தேவைப்படாது. வைப்ரேஷன் எந்த மலையில் ஏறினாலும் கிடைக்கும்.

நம்ம ஊரில் சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம், மெதடிஸ்ட், பௌத்தம் எல்லாம் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறது. மற்ற மதத்துக்காரரோடு பேசும்போது சக்தி, எனர்ஜி, "எல்லாம் ஒண்டுதானே" மாதிரிச் சொற்கள் உங்களுக்கு உதவியதா, இடைஞ்சலா? நடந்ததை எழுதுங்கள்.

உப்புவெளி மொழிபெயர்ப்பாளர்

நல்லிணக்கக் கூட்டங்களுக்குத் தமிழ் சிங்களம் மொழிபெயர்க்கப் போகிறவள் நான். அதனால் இந்தச் சொற்கள் என் வாய் வழியாகவே போய் வருகின்றன.

ஒரு ஹோட்டல் மண்டபம். முன்வரிசையில் ஒரு குருக்கள், ஒரு மௌலவி, ஒரு ஃபாதர், ஒரு ஹாமதுரு, அதாவது பௌத்த பிக்கு. கூட்டத்தை நடத்த வந்தவர் தொடக்கத்திலேயே, "நாம் எல்லோரும் ஒரே இறைவனின் பிள்ளைகள்" என்றார். கைதட்டல். நான் அதைச் சிங்களத்தில் சொல்லும்போதே ஹாமதுருவின் முகத்தைப் பார்த்தேன். பௌத்தத்தில் படைத்தவன் என்று ஒருவர் கிடையாது. அவர் மரியாதைக்குப் புன்னகைத்தார். மௌலவிக்கு "பிள்ளைகள்" இடித்திருக்கும், அல்லாஹ் யாரையும் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்று தொழுகையில் ஓதுகிறவர் அவர். குருக்களின் சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவை இறைவன் படைப்பதே இல்லை. அதுவும் அவரைப் போலவே அநாதி. ஆக, அந்த வாக்கியம் அளவாகப் பொருந்தியது ஃபாதருக்கு மட்டுந்தான். எல்லோரையும் சேர்க்கவென்று சொன்னது!

பிறகு பெரிய தாளில் அன்பு, அமைதி, ஒளி என்று எழுதினார்கள். குழுக் குழுவாகப் பிரிந்து அதையே வேறு நிறப் பேனாவால் இன்னொரு தாளில் எழுதினார்கள். எனக்கு வேலை மிகவும் சுலபம், மூன்று சொல் தெரிந்தால் போதும்.

தேத்தண்ணி இடைவேளையில்தான் விஷயம் தொடங்கியது. மௌலவி வடையைக் கையில் வைத்துக்கொண்டு குருக்களிடம், "ஐயா, கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே? கோயில் திருத்த வேலை நடக்கேக்க சாமி எங்க இருக்கும்?" என்றார். நான் கொஞ்சம் பயந்தேன். குருக்கள் கதிரையை இழுத்துப் போட்டார். பாலஸ்தாபனம் என்றால் என்ன, மூலஸ்தானத்தில் இருக்கும் சாந்நித்தியத்தை, அதாவது சாமியின் இருப்பை, கும்பத்து நீருக்கு எப்படி அழைப்பது, பிறகு அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது, வேலை முடிய எப்படித் திருப்பி அழைப்பது என்று படிப்படியாகச் சொன்னார். மௌலவி நடுவில் நிறுத்தி, "அப்ப அந்த நாள்ல மூலஸ்தானத்துச் சிலை?" என்று கேட்டார். "அது அப்ப கல்லுத்தான்" என்றார் குருக்கள், சாதாரணமாக. மௌலவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க கல்லைக் கும்பிடுறீங்க எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது பிழைதான். ஆனா அல்லாஹ்வை ஒரு இடத்துக்கு வாங்க எண்டு கூப்பிடுறது எங்களுக்கு ஏலவே ஏலாது. கஅபா கூட எங்களுக்குத் திசைதான்" என்றார். "அது தெரியும்" என்று குருக்கள் தலையாட்டினார்.

இதையெல்லாம் நான் ஹாமதுருவுக்குச் சொல்லச் சொல்ல அவரும் கதிரையைக் கிட்டக் கொண்டுவந்தார். பிரித் என்ற பௌத்தக் காப்பு ஓதல் நடக்கும்போது தங்களிடமும் நீர்ப்பாத்திரமும் நூலும் உண்டு என்றார். தேவர்களையும் வரச்சொல்லி அழைப்பார்களாம், ஆனால் வணங்க இல்லை. அவர்களும் வந்திருந்து புத்தரின் போதனையைக் கேட்க வேண்டும் என்பதற்காக. குருக்கள் சத்தமாகச் சிரித்து, "அப்ப எங்கட ஆக்களைச் சபையில இருத்திப்போட்டீங்க" என்றார். அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. ஃபாதர் நற்கருணையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், அதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது என்று எல்லோரையும் மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். மீண்டும் அன்பு, அமைதி, ஒளி.

மனையாவெளி

என் சித்தப்பா இறந்தபோது அவரின் மகன் கனடாவிலிருந்து வந்தான். "அப்பா யூனிவர்ஸோட கலந்திட்டார்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. 31ஆம் நாள் அந்தியேட்டி என்ற இறுதிக் கடனுக்குக் கன்னியாவுக்குப் போகவேண்டும் என்று ஐயர் சொன்னார். இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று நாங்கள் நம்புகிற அதே வெந்நீரூற்று. தம்பி கேட்டான், "கலந்த ஆளுக்கு ஏன் பிண்டம்?"

ஐயர் பதில் சொல்லுமுன் எங்கள் மாமி முந்திக்கொண்டா. "கலந்திட்டார் எண்டு உனக்கு ஆர் சொன்னது? அந்த மனுஷன் இப்ப வழியில நிக்குது. பசிக்கும். நீ குடுக்காட்டி ஆர் குடுக்கிறது?"

அவன் அதை நம்பினானோ இல்லையோ தெரியாது. ஆனால் அன்று முழுக்க மாமியை விடாமல் கேள்வி கேட்டான். எள் ஏன், தர்ப்பை ஏன், பெண்கள் ஏன் செய்வதில்லை என்று. கடைசிக் கேள்வியில் மாமிக்கும் அவனுக்கும் பெரிய வாக்குவாதம். அந்த வீட்டில் சமயத்தைப் பற்றி யாராவது வாக்குவாதப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிண்ணியா ராத்தா

"எல்லாம் ஒண்டுதானே" என்று எனக்கு யாராவது சொன்னால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். "ஒண்டுதானே, ஒரு வாய் பிரசாதம் சாப்பிடுங்கோவன்." ஒன்று என்று சொல்கிறவர் தன் பக்கத்திலிருந்து ஒரு அடியும் எடுத்து வைப்பதில்லை, வரவேண்டியது நான்தான். எங்கட ஆட்களும் இதே வேலை செய்வார்கள், நியாயமாகச் சொன்னால்.

டவுனில் வாடகைக்கு இருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா. நவராத்திரிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு படையல். முதல் நாளே வேலிப்பக்கம் வந்து, "மகள், பூசைக்கு வைக்க முன்னமே உனக்கு வேறயா எடுத்து மூடி வச்சிட்டன். இது வெறும் கடலைதான், சாமிக்குக் காட்டேல்ல" என்று தட்டைத் தந்தா. நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. படைத்ததை ஏன் எடுக்க மாட்டேன் என்று அவவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நோன்புக் கஞ்சியை நானும் அப்படித்தான் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை அவ மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிட மாட்டா, அன்றைக்கு இறைச்சி போடாமல் காய்ச்சி அனுப்புவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். "ஆண்டவன்" என்ற சொல்லை நாங்கள் இரண்டு பேரும் தாராளமாகப் பாவித்தோம். அவவின் ஆண்டவன் யார், என் ஆண்டவன் யார் என்று இரண்டு பேருக்கும் தெளிவாகத் தெரியும். அதை நான் இந்த எனர்ஜிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஓய்வு வாத்தியார்

உப்புவெளித் தங்கச்சி சொன்ன சித்தாந்தம் சரி. பதி (இறைவன்), பசு (ஆன்மா), பாசம் (ஆன்மாவின் கட்டு) மூன்றும் அநாதி. முத்தியில் கூட ஆன்மா சிவமாகிக் காணாமல் போவதில்லை, திருவடியில் இன்பம் அனுபவித்துக்கொண்டு இருக்கும். "எல்லாம் ஒன்று" என்பது ஒரு வகை வேதாந்தம். சிவஞானபோதம் என்ற சித்தாந்த நூலைப் படித்த ஊரில் அதைச் சைவம் என்று விற்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. பிரபஞ்சம் நம் நூல்களில் மாயையிலிருந்து தோன்றும் சடம், அறிவில்லாத பொருள். அதனிடம் வரம் கேட்பது இந்த மேசையிடம் சம்பள உயர்வு கேட்பது போலத்தான்.

வார்டு டியூட்டி

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள், நான் மாறுகிறேன். அரச மருத்துவமனையொன்றில் தாதி நான். சேருவிலவிலிருந்து ஒரு சிங்களத் தாயும் மூதூரிலிருந்து ஒரு உம்மாவும், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறை. இரவு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியபோது மற்றவ செய்ததெல்லாம், கையை மேலே காட்டி, நெஞ்சில் கையை வைத்தது மட்டுந்தான். இதைவிடத் தெளிவில்லாத பேச்சு கிடையாது. அது போதுமாக இருந்தது. பௌத்தத்தில் மேலே யாரும் இல்லை என்று புத்தகம் சொல்லலாம், அந்தச் சிங்களத் தாய் கதிர்காமத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டுத்தான் பிள்ளையைக் கொண்டுவந்திருந்தா. அந்த நேரத்தில் பாலஸ்தாபனம் பேச யாருக்கு ஏலும்?

நானே ஒரு நாளைக்கு எத்தனையோ முறை "நம்பிக்கையோட இருங்கோ" என்கிறேன். யாரில், எதில் என்று சொல்வதில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஆனால் ஆள் போகப்போகிறது என்று தெரிந்தபிறகு அந்தப் பொதுப் பேச்சு போதாது. ஒரு பாட்டியின் மகளிடம் "அம்மா என்ன சமயம்?" என்று கேட்டேன். "அம்மா ஆன்மீகமான ஆள், எல்லாச் சாமியையும் கும்பிடுவா" என்றார். பாலையூற்று மாதா கோயிலுக்கும் போவாவாம், பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் போவாவாம். ஃபாதரை அழைத்து எண்ணெய் பூசுவதா, வாயில் கங்கை நீர் விடுவதா? பிள்ளைகளுக்குள்ளேயே சண்டை. பாட்டியிடம் குனிந்து, "ஃபாதரை வரச்சொல்லவா அம்மா?" என்று நேராகக் கேட்டேன். "வரட்டும்" என்றா. முஸ்லிம் குடும்பம் என்றால் வேறு அவசரம், அன்றைக்கே அடக்க வேண்டும், கடதாசி வேலையை முதலில் முடித்துத் தரவேண்டும்.

திருக்கடலூரான்

வார்டு டியூட்டி அக்கா, கையை மேலே காட்டியதை நான் எதிர்க்கவே மாட்டேன். அது பயத்தில் வந்தது. எனக்குப் பிரச்சினை, ஏசி வேனில் வந்து இறங்கி எதையும் கேட்காமல் எல்லாம் புரிந்தவர்களாகத் திரும்பிப் போகிறவர்கள்தான்.

ராத்தா, நீங்கள் சொன்னதைப் படித்தபிறகு ஒன்று செய்து பார்த்தேன். நேற்று ஒரு பெண் உச்சியில் நின்று "ஏதோ ஒரு சக்தி இருக்கு" என்றார். நான் மறுக்கவில்லை. "இருக்கட்டும் தங்கச்சி, அதிட்ட நீங்க என்ன கேட்டனீங்க?" என்றேன். கொஞ்சம் தயங்கி, தம்பிக்கு விசா கிடைக்க வேண்டும் என்றார். அர்ச்சனைச் சிட்டு எடுக்கிற இடத்தைக் காட்டினேன். தம்பியின் நட்சத்திரம் தெரியாதென்று அங்கேயே நின்று தாய்க்கு ஃபோன் எடுத்தார்.

வாத்தியார் ஐயா, சடம் என்றால் இராவணன் வெட்டுக் கல்லும் சடந்தானா? சனம் அதையும் கும்பிடுகிறதே. எழுதுங்கள், வாசிக்கிறேன்.