‘ஒன் ஹெல்த்’துக்குத் தமிழ்: இணைநலம் சரிவருமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மனிதன், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்கிற ‘ஒன் ஹெல்த்’ கருத்துக்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுமத்தில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ‘ஒரே சுகாதாரம்’ பக்கம்தான் கூட்டம் அதிகம். செய்திகளிலும் அது அடிபடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணக் குறை எதுவும் இல்லை. சிக்கல் எல்லாம் ஆபீஸில் இருக்கிறது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் தமிழ் பேசுகிறவர்களே மிகுதி. மலையாள அறிவிப்பில் ‘ஏகாரோக்யம்’ என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். தமிழில் ‘சுகாதாரம்’ என்று எழுதினால் படிக்கிறவர் மனசில் வருவது குளோரின், கொசு மருந்து, ஆரம்ப சுகாதார நிலையம். மாடு வைத்திருப்பவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுவார். கால்நடை ஆஸ்பத்திரியும் வனத்துறையும் அப்படியே, “இது அவர்கள் இலாகா” என்று தள்ளிவிடும். அந்த மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைக்கத்தானே இந்தக் கருத்தே வந்தது?

மலேசியாவில் நடந்ததைப் பாருங்கள். 1998 கடைசியில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றால் குழந்தைகளை அல்லவா முதலில் பிடிக்கும்? விழுந்ததோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். பன்றிகளும் அதே சமயத்தில் பலமாக இருமிக்கொண்டிருந்தன. இது புது வைரஸ் என்று 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. சுங்கை நிபா என்ற ஊரின் பெயரே அதற்கு வந்தது. அந்த நோய்ப்பரவலில் மொத்தம் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. இருமலைப் பார்த்தவரும் காய்ச்சலைப் பார்த்தவரும் தொடக்கத்திலேயே பேசிக்கொண்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அதே நிபா 2018 மே மாதம் கோழிக்கோட்டுக்கு வந்தது. அங்கே பன்றி இல்லை, சந்தேகம் பழந்தின்னி வௌவால் மேல். வௌவால் எந்த இலாகா, சொல்லுங்கள்!

உலக மட்டத்திலும் இந்த இழுபறி இருந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை அமைப்பு, உலக விலங்கு சுகாதார அமைப்பு மூன்றும் 2010-லேயே சேர்ந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டன. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அந்தக் கூட்டணிக்குள் முறைப்படி வந்தது 2022 மார்ச்சில். காட்டுக்கும் ஆற்றுக்கும் ஒரு நாற்காலி போட பன்னிரண்டு வருஷம். நாலு பேரும் சேர்ந்து 2022 முதல் 2026 வரைக்கான கூட்டுச் செயல்திட்டம் போட்டது அதே ஆண்டு அக்டோபரில்.

ஆகவே என் பரிந்துரை இணைநலம். மனிதன், விலங்கு, மண், நீர் எதன் பின்னாலும் ‘நலம்’ ஒட்டும். ஒன்றின் நலம் மற்றதோடு இணைந்தது என்ற பொருளும் வருகிறது. சொற்புணர்ச்சியிலும் தொல்லை இல்லை: இணைநலக் குழு, இணைநலக் கண்காணிப்பு, இணைநல அலுவலர். துறைகளுக்கு நடுவில் நடக்கிற வேலைக்குத் ‘துறையிடை’ என்று வைத்துக்கொள்ளலாம். அடித்து விளையாடுங்கள்.

*

பொள்ளாச்சியிலிருந்து:

தம்பி, உங்கள் ஊர் மாடு பாதி இங்கே செவ்வாய், வியாழன் சந்தையில் கால்நடை மருத்துவரான என் கண் முன்னால் போனவைதான். அந்த உரிமையில் இரண்டு வார்த்தை.

சுகாதாரத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். நீங்களே எழுதிய ‘உலக விலங்கு சுகாதார அமைப்பு’ பெயரில் அது இருக்கிறதே! அந்த அமைப்பு பிறந்த கதையையும் பாருங்கள். 1920-ல் நம் துணைக்கண்டத்து மாடுகள் பிரேசிலுக்குக் கப்பலில் போகிற வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. கூடவே மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயும் (ரிண்டர்பெஸ்ட்) இறங்கிவிட்டது. ஐரோப்பா அலறியது. 1924-ல் 28 நாடுகள் பாரிஸில் கூடிக் கையெழுத்துப் போட்டு அலுவலகம் திறந்தன. 2011-ல் வெக்கை உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு ஒழிந்த நோய் அது ஒன்றுதான். ‘ஒன் ஹெல்த்’ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு எவ்வளவோ முன்பே தொடங்கிய வேலை இது. எது நோய், எப்படிச் சோதிப்பது, யாருக்கு எப்போது தகவல் சொல்வது என்று எல்லா நாட்டு மருத்துவர்களும் ஒரே அளவுகோலை ஒப்புக்கொண்டதால் நடந்தது. எனக்குச் சொல்லைவிட அந்த அளவுகோல் முக்கியம்.

அதில்தான் இன்னும் ஓட்டை இருக்கிறது. பறவைக் காய்ச்சல் மாதிரி ஒன்று புதிதாக வந்தால் 24 மணி நேரத்துக்குள் பாரிஸுக்குத் தகவல் போக வேண்டும். மனிதர்களிடம் உலகமே கவலைப்படக்கூடிய நோய் என்று முடிவானால், 2005-ன் சர்வதேச சுகாதார விதிகள்படி 24 மணி நேரத்துக்குள் ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்துக்குப் போக வேண்டும். கெடு ஒன்று, கதவு இரண்டு. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துக்கு 2014, 2021, 2024-ல் எல்லாம் நோய் வந்தது. அப்போதெல்லாம் மாநில எல்லையில் கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் லாரிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பதுதான் நமக்குத் தெரிந்த துறையிடை ஒத்துழைப்பு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தமிழ்நாட்டு அரசாங்கத்தில் ‘இணை’ என்றால் இணை இயக்குநர். ‘இணைநல அலுவலர்’ என்று பலகை மாட்டினால், இவர் யாருக்குக் கீழே, என்ன சம்பளம் என்றுதான் கேட்பார்கள். ‘கூட்டுநலம்’ என்று வைத்தால் என்ன?

*

செங்கோட்டையிலிருந்து:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். சம்பள விஷயம் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் கூட்டு என்றதும் எங்கள் பக்கம் கூட்டுறவுச் சங்கமும் பயிர்க்கடனும்தான் ஞாபகம் வரும். முன்பு யாரோ சொன்ன ‘உடன்நலம்’ வேண்டவே வேண்டாம். பிழை திருத்துகிற வேலையில் இருக்கிறேன். அதை உடல்நலம் என்று திருத்தாத ஆள் கிடைக்க மாட்டார். ‘பிணைநலம்’ ஜாமீனில் வந்த மாதிரி இருக்கிறது. இருப்பதில் இணைநலமே தேவலை.

‘துறையிடை’யும் சரி. ‘துறை கடந்த’ என்று சிலர் எழுதுகிறார்கள். கடந்தால் தன் துறையை விட்டுப் போய்விட்டார் என்று ஆகும். இங்கே மருத்துவர் மருத்துவராகவும் வனவர் வனவராகவும் இருந்துகொண்டே பேச வேண்டும்.

ஆனால் அண்ணா, பொதுமக்களுக்குப் போகிற தாளில் ஆரோக்கியத்தை விடாதீர்கள். தமிழ்நாட்டு எல்லையில் புளியரைக்கு இந்தப் பக்கமும் கேரள எல்லையில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கமும் ஒரே மாதிரி புரிகிற சொல் அது. தனித்தமிழ் பார்த்து அதை ஏன் இழக்க வேண்டும்?

*

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சரிங்க டாக்டர், ‘இணைநல அலுவலர்’ வேண்டாம். ‘இணைநலப் பொறுப்பாளர்’ என்று போட்டால் பதவிக் குழப்பம் வராது. அமைப்புகளின் பெயரில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட சுகாதாரத்தை நான் தொடவில்லை. புதிதாக வைப்பதற்குத்தான் சொன்னேன்.

செங்கோட்டை அம்மா சொன்னபடி, பஞ்சாயத்துத் தாளில் தலைப்பாக ‘எல்லா உயிருக்கும் ஆரோக்கியம்’ என்று எழுதிவிட்டு, உள்ளே முதல் வரியில் இணைநலம் என்று அறிமுகப்படுத்துகிறேன். பக்கத்தில் மலையாள ஏகாரோக்யமும் இருக்கும். சொற்பட்டியலில் இணைநலம், துறையிடை இரண்டையும் சேர்க்கலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

டாக்டர் கிளப்பிய 24 மணி நேர விஷயத்துக்கு இன்னொரு சொல் தேவைப்படுகிறது. கட்டாயம் தகவல் சொல்லியே ஆக வேண்டிய நோய்களை ‘அறிவிக்கத்தக்க நோய்’ என்று எழுதுகிறார்கள். ‘தக்க’ என்றால் விருப்பம்போல் ஆகிவிடுகிறது. ‘அறிவிக்கவேண்டிய நோய்’ போதுமா, இன்னும் இறுக்கமாக ஏதாவது கிடைக்குமா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.